திருச்சியில் தோற்ற வழக்கு எங்கே போகும்?

திருச்சிராப்பள்ளி மாவட்டத்து முன்சீப் கோர்ட் ஒன்றில் தீர்ப்பாகும் சொத்து வழக்குக்கு மேலே மூன்று படிகள் இருக்கின்றன. முதல் மேல்முறையீடு மாவட்டத்துக்குள்ளேயே நடக்கும். இரண்டாம் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில். அதற்கும் மேலே தில்லியில், உச்ச நீதிமன்றத்தில், சிறப்பு அனுமதி மனு. படி மூன்று என்றதும் ஒவ்வொரு படியிலும் வழக்கு முழுவதும் மறுபடி விசாரிக்கப்படும் என்று வழக்காடிகள் எண்ணிவிடுகிறார்கள். மேலே போகப் போக வாசல் குறுகிவிடுகிறது. கேட்கப்படும் கேள்வியும் மாறிவிடுகிறது. சாட்சி சொன்னது உண்மையா, பத்திரம் செல்லுமா, வேலி எந்த வருஷம் நகர்ந்தது என்று எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்கும் முழு அதிகாரம் முதல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே உண்டு. ஆகவே பெரும்பாலான வழக்குகளில் கடைசி வார்த்தை சொல்லப்படும் இடம் கன்டோன்மென்ட் நீதிமன்ற வளாகம்தான். அதை வெறும் நடுப்படி என்று நினைத்து, சரியாகத் தயாராகாமல் போகிறவர்கள்தான் பிறகு மதுரையில் திகைத்து நிற்கிறார்கள்.

மாநில அளவில் உச்சியில் இருப்பது சென்னை உயர் நீதிமன்றம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் விசாரணை நீதிமன்றத்துக்கும் மாநில உச்ச நீதிமன்றத்துக்கும் நடுவே மேல்முறையீடு கேட்பதற்கென்றே தனி நீதிமன்றம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படித் தனியாக ஒன்று கிடையாது. அந்த வேலையை மாவட்ட நீதிமன்றமும் சார்பு நீதிமன்றமும், அதாவது ஜில்லா கோர்ட்டும் சப் கோர்ட்டும், தங்கள் சொந்த விசாரணை வழக்குகளோடு சேர்த்துச் செய்கின்றன. காலையில் புதிய வழக்கில் சாட்சி விசாரித்த நீதிபதி, பிற்பகலில் முன்சீப் எழுதிய தீர்ப்பு சரியா என்று பார்ப்பார். இடைநிலை நீதிமன்றம் என்ற பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் இடைநிலை வேலை நடக்கிறது.

மதிப்புக் கோடு

எந்த வழக்கு எங்கே என்பதை முதலில் தீர்மானிப்பது ரூபாய்க் கணக்கு. 1873-ஆம் ஆண்டின் 3-ஆம் சட்டமாக வந்த உரிமையியல் நீதிமன்றங்கள் சட்டம்தான் இன்றும் திருத்தங்களோடு மாவட்டங்களை ஆள்கிறது. சிறிய மதிப்புள்ள வழக்கு முன்சீப் கோர்ட்டில் தொடங்கும். அதற்கு மேற்பட்டது சப் கோர்ட்டில். இன்னும் பெரியது மாவட்ட நீதிமன்றத்தில். மேல்முறையீட்டிலும் இதே மாதிரி ஒரு கோடு உண்டு. முன்சீப் தீர்ப்பாணைக்கு எதிரான மேல்முறையீடு எப்போதும் மாவட்டத்துக்குள்ளேயே நிற்கும். சப் கோர்ட்டில் முடிந்த வழக்கின் மதிப்பு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினாலோ, வழக்கு மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடங்கி முடிந்திருந்தாலோ முதல் மேல்முறையீடே நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

உயர் நீதிமன்றத்தின் பாரத்தைக் குறைக்கச் சட்டமன்றம் கையாளும் எளிய கருவி இந்தக் கோடுதான். பணத்தின் மதிப்பு குறைந்துகொண்டே போகிறது, நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. கோடு நகராமல் இருந்தால் திருச்சி தில்லை நகரின் ஒரு சிறிய மனை வழக்குகூட நேரே மதுரைக்குப் போக வேண்டியதாகிவிடும். அதனால் அந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்துகிறார்கள். வழக்குப் போடும் நாளிலும் மேல்முறையீடு போடும் நாளிலும் நடப்பில் உள்ள வரம்பை வக்கீலிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. பழைய வழிகாட்டி நூல்களில் அச்சான தொகையை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எந்த நீதிமன்றம் என்பதை முடிவுசெய்வது வழக்குரையில் வாதி காட்டிய மதிப்பு. மேல்முறையீட்டில் பாதிச் சொத்துக்கு மட்டும் சண்டை என்றாலும் அந்தப் பழைய மதிப்பே இடத்தைத் தீர்மானிக்கும். நீதிமன்றக் கட்டணமோ மேல்முறையீட்டில் உண்மையில் தகராறாக நிற்கும் பகுதிக்குக் கணக்கிடப்படும். இரண்டும் ஒன்று என்று எண்ணித் தவறான நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, மனு திருப்பி வந்த பிறகு நாட்களை எண்ணிக்கொண்டிருப்பது வழக்கமான விபத்து. கட்டணமும் லேசானதல்ல. 2017-ல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது ஓர் ஆறுதல். ஆனால் முதல் நீதிமன்றத்தில் கட்டிய விகிதத்திலேயே ஒவ்வொரு படியிலும் மறுபடி கட்ட வேண்டும்.

திருச்சிக்குள் நடப்பது

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்ளலாம். ஸ்ரீரங்கத்தில் இரண்டு வீடுகளின் கொல்லைப்புறத்துக்கு நடுவே நாலடி அகலத் துண்டு நிலம். தனக்கே உரியது என்று விளம்புகை கேட்டும், சுவாதீனம் கேட்டும் ஒருவர் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தோற்கிறார். தீர்ப்பு நாளிலிருந்து 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு தாக்கலாக வேண்டும். உயர் நீதிமன்றத்துக்குப் போகும் மேல்முறையீடு என்றால் 90 நாட்கள். சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து அது தயாராகும் நாள் வரை உள்ள காலம் கணக்கிலிருந்து கழியும். தயாரான நகலை வாங்காமல் விட்ட நாட்கள் கழியாது. நகல் மனுவைத் தீர்ப்பு நாளிலோ மறுநாளோ போட்டுவிட வேண்டும் என்று குமாஸ்தாக்கள் அவசரப்படுத்துவது இதற்காகத்தான்.

மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கலாகும் மேல்முறையீடுகளை முதன்மை மாவட்ட நீதிபதி தாமே வைத்துக்கொள்ளலாம். கூடுதல் மாவட்ட நீதிபதிக்கோ சார்பு நீதிபதிக்கோ அனுப்பியும் விடலாம். சில இடங்களில் சப் கோர்ட்டே நேரடியாகப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. லால்குடி, முசிறி, துறையூர், மணப்பாறை முன்சீப் கோர்ட்டுகளில் முடிந்த வழக்குகளும் இந்தச் சல்லடைக்குள்தான் வருகின்றன. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எல்லா மேல்முறையீடும் முதலில் மாநில உச்ச நீதிமன்றத்தின் பெயரில் தாக்கலாகும். அது தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைக் கீழே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் தள்ளிவிடும். நெவாடாவும் 2015 முதல் இந்த வழியில் நடக்கிறது. பெரிய அளவில் அங்கே செய்வதைத் திருச்சி மாவட்ட நீதிமன்றம் தன் வளாகத்துக்குள் நெடுங்காலமாகச் செய்துவருகிறது.

முதல் மேல்முறையீட்டில் நீதிபதியின் கை கட்டப்படவில்லை. சாட்சியத்தைப் புதிதாக எடைபோடலாம். முன்சீப் நம்பிய சாட்சியை நம்பாமல் விடலாம். கீழ் நீதிமன்றம் காரணமின்றி ஏற்க மறுத்த ஆவணத்தையோ, எவ்வளவு முயன்றும் அப்போது கிடைக்காத ஆவணத்தையோ கூடுதல் சாட்சியமாக ஏற்கக் கேட்கலாம். தேவைப்பட்டால் வழக்கையே திருப்பி அனுப்பலாம். தீர்ப்பில் முடிவுக்குரிய கேள்விகள், அவற்றுக்கான விடை, விடைக்கான காரணம் ஆகியவை இருந்தாக வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆம் கட்டளை. மேல்முறையீடு வழக்காடியின் மதிப்புமிக்க உரிமை, அதைக் கேட்கும் நீதிமன்றம் பொருண்மையிலும் சட்டத்திலும் தன் சொந்த மனத்தைச் செலுத்தியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் அழுத்திச் சொன்னது. நடைமுறையில் இந்த நீதிமன்றங்கள் விசாரணை வழக்குகளின் நெரிசலுக்கு நடுவே மேல்முறையீடு கேட்கின்றன. ஒப்பிட்டுச் சொன்னால், மதுரையில் ஒரு சட்டக் கேள்விக்குக் கிடைக்கும் கவனம் இங்கே ஒரு முழுச் சாட்சியக் கட்டுக்குக் கிடைப்பதே கடினம். ஏற்பாட்டின் மிகப் பலவீனமான இடம் இதுதான்; பாரம் கீழே இறக்கிவைக்கப்பட்ட அளவுக்கு ஆட்கள் கூடவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. மேல்முறையீடு போட்டுவிட்டால் கீழ்த் தீர்ப்பு தானாக நின்றுவிடாது. தடையாணை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வாங்காவிட்டால் ஜெயித்தவர் நிறைவேற்று மனுவோடு வந்துவிடுவார். இரண்டாவது, பாதி ஜெயித்துப் பாதி தோற்றவர் சும்மா இருக்கையில் எதிராளி மேல்முறையீடு போட்டால், அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் குறுக்கு ஆட்சேபம் தாக்கல் செய்து தன் பாதியையும் கேட்கலாம். இந்த வசதி இருப்பதே தெரியாமல் விட்டவர்கள் ஏராளம்.

இடைக்கால உத்தரவுகளுக்கும் இதே பாதைதான். தற்காலிக உறுத்துக்கட்டளை தர முன்சீப் மறுத்தால் அதற்கெதிரான மேல்முறையீடு மாவட்டத்துக்குள் தாக்கலாகும். மேல்முறையீடு செய்ய இடமில்லாத உத்தரவு என்றால் அரசமைப்பின் 227-ஆம் பிரிவின்கீழ் சீராய்வு மனுவோடு மதுரைக்குப் போக வேண்டும்.

மதுரையில் கேட்கும் ஒரே கேள்வி

ஸ்ரீரங்கத்துத் துண்டு நிலக்காரர் முதல் மேல்முறையீட்டிலும் தோற்றால் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த வாசலை வெகுவாகக் குறுக்கிவிட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவின்படி, வழக்கில் முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று எழ வேண்டும். அதை மேல்முறையீட்டு மனுவிலேயே எழுதிக் காட்ட வேண்டும். நீதிமன்றமும் அதை ஏற்று, கேள்வியாக வடித்த பிறகே வழக்கு விசாரணைக்கு எடுக்கப்படும். அனுமதி நிலையிலேயே விழுந்துவிடும் மனுக்கள் கணிசம். வேலியை நகர்த்தியது யார் என்பது சட்டக் கேள்வி ஆகாது. ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தின் வாசகத்தை இரு நீதிமன்றங்களும் தவறாகப் பொருள்கொண்டிருந்தால், அல்லது முக்கிய ஆவணத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் முடிவு செய்திருந்தால், அதைச் சட்டக் கேள்வியாக எழுப்ப முடியும். கேள்வியை வடிக்கும் திறமைதான் இங்கே வக்கீலின் கலை.

இன்னொரு சிறு வேலியையும் 2002 திருத்தம் போட்டது: 25,000 ரூபாய்க்கு மேற்படாத பண வழக்கில் இரண்டாம் மேல்முறையீடே கிடையாது. அதே திருத்தம் உயர் நீதிமன்றத்துக்குள்ளும் ஒரு படியை இடித்தது. 1865-ஆம் ஆண்டின் சாசனக் கடிதத்தின் 15-ஆம் விதிப்படி, தனி நீதிபதியின் தீர்ப்புக்கு எதிராக இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போக முடியும். மேல்முறையீட்டில் தனி நீதிபதி சொன்ன தீர்ப்புக்கு இனி அந்த உள்மேல்முறையீடு இல்லை என்று 2002 ஜூலை 1 முதல் 100-ஏ பிரிவு தடுத்துவிட்டது. ஒரே கட்டடத்துக்குள் ஒரே வழக்கு இரண்டு முறை கேட்கப்படுவது நின்றது. நீதிப்பேராணை மனுக்களில் தனி நீதிபதிக்கு மேலே அமர்வு என்ற அந்தப் பழைய வழி, 30 நாள் கெடுவோடு, இன்னும் திறந்திருக்கிறது.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று தொடங்கப்பட்டது. அப்போது அதன் எல்லைக்குள் வந்த மாவட்டங்கள் 13. திருச்சியும் கரூரும் தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் அவற்றில் அடங்கும். பெரம்பலூரும் அரியலூரும் சென்னையோடு நின்றுவிட்டன. 1995 வரை ஒரே திருச்சி மாவட்டமாக இருந்த ஊர்களில் கரூர்க்காரர் மதுரைக்கும் பெரம்பலூர்க்காரர் சென்னைக்கும் போகிறார். எல்லையோரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சொத்து எந்த மாவட்டத்தில் என்பதே கிளையைத் தீர்மானிக்கும், குடியிருக்கும் ஊர் அல்ல. மதுரைக் கிளையின் வழக்கு எண்களில் 'எம்.டி.' என்ற குறிப்பு அடைப்புக்குள் இருக்கும். திருச்சியிலிருந்து ஏறத்தாழ 135 கிலோமீட்டர்; மேலூர் வழியாக வரும் சாலையில் ஒத்தக்கடைப் பக்கம், யானைமலையின் அருகே, நகருக்குள் நுழையுமுன்னே வந்துவிடும். சென்னைக்குப் போவதென்றால் ஏறக்குறைய 330 கிலோமீட்டர். ஒரு வாய்தாவுக்கு இரண்டு இரவுப் பயணம்.

கிளை என்பதைத் தனி நீதிமன்றம் என்று எண்ணக் கூடாது. சென்னையும் மதுரையும் ஒரே உயர் நீதிமன்றம். நீதிபதிகள் முறைவைத்து வந்து அமர்கிறார்கள். யார் எந்த வகை வழக்கைக் கேட்பது என்பதைத் தலைமை நீதிபதி முடிவுசெய்கிறார். மதுரைத் தீர்ப்புக்கு எதிராகச் சென்னைக்குப் போக முடியாது. ஆகவே 2004-ல் கிடைத்தது தூரத்தின் குறைவு. படி எண்ணிக்கை அப்படியே இருந்தது.

திருச்சியில் உண்மையான இடைநிலை நீதிமன்றம் ஒன்று ஒரு காலத்தில் இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கும்பெனி ஆட்சியில், ஜில்லா நீதிமன்றங்களுக்கும் சென்னையில் கும்பெனியின் தலைமை நீதிமன்றமான சதர் அதாலத்துக்கும் நடுவே, தென் பிரிவுக்கான மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் திருச்சிராப்பள்ளியில் இயங்கியது. அதன் நீதிபதிகள் குற்ற வழக்குகளுக்காகச் சுற்றுப்பயணமும் போனார்கள். 1843-ல் மாகாண நீதிமன்றங்களை எடுத்துவிட்டு, அந்த வேலையை ஜில்லா நீதிமன்றங்களுக்கும் சதர் அதாலத்துக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். 1862-ல் சதர் அதாலத்தும் சென்னையின் அன்றைய சுப்ரீம் கோர்ட்டும் இணைந்து உயர் நீதிமன்றமானது. நடுப்படியை வைப்பதா எடுப்பதா என்ற இன்றைய வாதம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

நடுப்படியைத் தாண்டும் வழக்குகள்

எல்லா வழக்கும் முன்சீப், சப் கோர்ட், மதுரை என்று வரிசையாக ஏறுவதில்லை. சிறப்புச் சட்டங்கள் தத்தமக்கு ஒரு குறுக்குப் பாதை போட்டிருக்கின்றன.

கோயில் ஊரான ஸ்ரீரங்கத்தில் இது அடிக்கடி தட்டுப்படும். பரம்பரை அறங்காவலர் உரிமை, மரியாதை, ஒரு மண்டபம் கோயிலைச் சேர்ந்ததா என்பது போன்ற தகராறுகள் 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி முதலில் இணை ஆணையர் முன்பும், பிறகு மேல்முறையீட்டில் ஆணையர் முன்பும் போகும். ஆணையரின் உத்தரவில் திருப்தி இல்லாதவர் 70-ஆம் பிரிவின்கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அந்தத் தீர்ப்பாணைக்கு எதிரான மேல்முறையீடு 90 நாட்களுக்குள் நேரே உயர் நீதிமன்றத்துக்கு. மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் இடத்தில் இங்கே துறை அதிகாரிகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்ரீரங்கத்தில் பல்லாண்டுகளாகப் பேசப்படும், வீடு நிற்கும் நிலம் கோயிலுக்கு உரியதா என்ற அடிமனைப் பிரச்சினை போன்றவற்றில், பத்திரப் பதிவு மறுக்கப்பட்டால், நீதிப்பேராணை மனு நேராக மதுரையில் தொடங்கிவிடுகிறது. அதில் கவனம் தேவை. உரிமை யாருக்கு என்ற சிக்கலான பொருண்மைக் கேள்வியை நீதிப்பேராணையில் தீர்க்க நீதிமன்றம் தயங்கும். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போ என்று சொல்லிவிட்டால் இழந்த வருஷங்கள் இழந்தவைதான்.

சாலை விபத்து இழப்பீட்டில் தீர்ப்பாயம் திருச்சியில் இருக்கிறது, மேல்முறையீடு 90 நாட்களுக்குள் மதுரையில். தகராறுத் தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவென்றால் மேல்முறையீடே இல்லை. முன்பு இந்த வரம்பு பத்தாயிரமாக இருந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் சிறு தொகைக்கெல்லாம் உயர் நீதிமன்றத்தை நிரப்பியதற்கு இது மருந்து. குடும்ப நீதிமன்றத் தீர்ப்புக்கு 30 நாட்களுக்குள் மேல்முறையீடு. கேட்பது இரண்டு நீதிபதிகள் அமர்வு. வாடகைத் தகராறில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வாடகை நீதிமன்றம், அதற்கு மேல் வாடகைத் தீர்ப்பாயம் என்று மாவட்டத்துக்குள்ளேயே முடித்துவிடப் பார்க்கிறது. அதற்கு மேல் 227-ஆம் பிரிவு மட்டுமே. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தால் மேல்முறையீடு என்ற பேச்சே இல்லை, கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

குற்ற வழக்குகளில் பங்கீடு தண்டனையின் அளவைப் பொறுத்தது. நடுவர் நீதிமன்றம் தண்டித்தால் மேல்முறையீடு திருச்சி அமர்வு நீதிமன்றத்தில். அமர்வு நீதிமன்றம் தண்டித்தாலோ, எந்த நீதிமன்றமாயினும் ஏழாண்டுக்கு மேல் சிறை விதித்தாலோ உயர் நீதிமன்றம். மரண தண்டனையை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் உறுதிசெய்யாமல் நிறைவேற்ற முடியாது. தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யாவிட்டாலும் வழக்கு தானாக மேலே போகும். குற்ற வழக்கில் இரண்டாம் மேல்முறையீடு இல்லை, சீராய்வு மட்டும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்த பின்னும் இந்த அடிப்படை மாறவில்லை. காசோலை வழக்கில் ஒரு நகர்வு நடந்திருக்கிறது. எதிரி விடுதலையானால் புகார்தாரர் முன்பு தனி அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருந்தது. அவரும் பாதிக்கப்பட்டவரே, அந்த நிலையில் மேல்முறையீடு செய்யலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால், அந்தக் கட்டுகள் அமர்வு நீதிமன்றத்தின் பக்கம் இறங்கத் தொடங்கின. சட்டமன்றம் தொடாமலே பாரம் இடம் மாறிய உதாரணம் இது.

தில்லி

உச்ச நீதிமன்றம் 1950-ல் எட்டு நீதிபதிகளுக்கான இடங்களோடு தொடங்கியது. 2019-ல் 34 ஆயிற்று. தொடக்க காலத்தில் உரிமையியல் வழக்கின் மதிப்பு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் உயர் நீதிமன்றத்தின் சான்றோடு அங்கே போக முடிந்தது. 30-ஆம் அரசமைப்புத் திருத்தம் அந்தத் தொகையையே எடுத்துவிட்டது. பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டக் கேள்வி இருக்கிறது, அதை உச்ச நீதிமன்றமே முடிவுசெய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சான்றளித்தால்தான் இனி வழி. மாவட்டத்துக்கும் மதுரைக்கும் நடுவே இன்றும் ஆளும் ரூபாய்க் கோடு, மதுரைக்கும் தில்லிக்கும் நடுவே அப்படி அழிந்தது.

சான்று அரிதாகவே கிடைக்கிறது. ஆகவே எல்லாரும் 136-ஆம் பிரிவின் சிறப்பு அனுமதி மனுவையே பிடிக்கிறார்கள். கெடு 90 நாட்கள்; சான்று மறுக்கப்பட்டிருந்தால் மறுத்த நாளிலிருந்து 60. இது உரிமை ஆகாது, நீதிமன்றத்தின் விருப்புரிமை. தமிழ் ஆவணங்கள் அனைத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். முன்சீப் கோர்ட்டில் தமிழில் நடந்த வழக்கு இங்கே முழுவதுமாக வேறு மொழியில் பேசும், அந்தச் செலவும் சேரும். காரணம் கூறாமல் அனுமதி மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் சரியென்று சொல்லிவிட்டதாக ஆகாது. உயர் நீதிமன்றத்தில் மறு ஆய்வு மனு போடும் வழி அதனால் அடைபடுவதில்லை. குற்ற வழக்கில் மட்டும் உரிமையாகப் போக ஒரு வழி உண்டு: கீழே விடுதலையானவரை உயர் நீதிமன்றம் தண்டித்து, மரணமோ ஆயுளோ பத்தாண்டுக்குக் குறையாத சிறையோ விதித்திருந்தால்.

அயல்நாடுகளில் உச்ச நீதிமன்றத்துக்குக் கீழே உள்ள இந்த நடு இடத்தில்தான் புதிய படிகள் முளைத்தன. இலங்கையில் 2006-ஆம் ஆண்டின் 54-ஆம் சட்டம் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு உரிமையியல் மேல்முறையீட்டு அதிகாரம் கொடுத்து, கொழும்பின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பாரத்தைப் பிரித்தது. யாழ்ப்பாணத்துக் காணி வழக்கின் மேல்முறையீடு யாழ்ப்பாணத்திலேயே கேட்கப்படுகிறது. அதற்கு மேல் அனுமதி பெற்று உயர் நீதிமன்றம், அங்கே அந்தப் பெயர் நாட்டின் உச்ச நீதிமன்றத்தைக் குறிக்கும். சிங்கப்பூர் 2021 ஜனவரியில் தன் உயர் நீதிமன்றத்துக்குள்ளேயே மேல்முறையீட்டுப் பிரிவு ஒன்றைத் திறந்தது. இந்தியாவிலும் சென்னை உட்பட நான்கு ஊர்களில் மேல்முறையீட்டு அமர்வுகள் வைத்து, தில்லி அரசமைப்புக் கேள்விகளை மட்டும் பார்க்கட்டும் என்ற யோசனையைச் சட்ட ஆணையம் 2009-ல் தன் 229-ஆம் அறிக்கையில் சொன்னது. தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டுச் சென்னை வழக்கறிஞர் ஒருவர் போட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2016-ல் அரசமைப்பு அமர்வுக்கு அனுப்பியது. திருச்சிக்காரருக்கு இதனால் தூரம் குறையலாம். முதல் மேல்முறையீட்டில் கவனிக்காமல் விட்ட சாட்சியத்தை எந்தப் புதிய நீதிமன்றமும் மீட்டுத் தராது.

எந்தப் படியில் முடிந்தாலும் தீர்ப்பாணையை நிறைவேற்ற வழக்கு தொடங்கிய நீதிமன்றத்துக்கே திரும்பி வர வேண்டும். மேல் நீதிமன்றம் வழக்கை முடித்திருந்தால் கீழ்த் தீர்ப்பாணை அதில் கலந்துவிடும். நிறைவேற்றப்படுவது மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணை. துண்டு நிலத்தின் சுவாதீனத்துக்கு நிறைவேற்று மனுப் போட அந்தத் தீர்ப்பாணை நாளிலிருந்து 12 ஆண்டுகள் உண்டு. இந்தக் கெடுவைச் சொல்வது காலவரையறைச் சட்டத்தின் 136-ஆம் இனம். தில்லியின் 136-க்கும் இதற்கும் எண் ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லை. சுவர் கட்டும்படியோ இடிக்கும்படியோ இட்ட கட்டாய உறுத்துக்கட்டளை என்றால் கெடு மூன்றே ஆண்டுகள்.